அவள் ஏரியில் ஐந்தரை மணி நேரம்

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நகரியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருப்பதியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். கடைசி பெஞ்சில் கிசுகிசுத்தவனையும் விட்டதில்லை, மீட்டிங்கில் தப்புத் தப்பாகப் பேசிய பெரியவர்களையும் விட்டதில்லை. தப்பு என்று பட்டால் அந்த நிமிஷமே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட நான் ஒரு தடவை, பத்து நாள், ஒரு தப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். யார் விஷயத்தில் அப்படி இருந்தேனோ அவளுக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் கணக்குப் பிரிவில் ஆட்களைக் குறைத்தார்கள். ஒரே பாடத்தை வீடியோ எடுத்து நாலு வகுப்புக்கும் போட்டுக் காட்டலாம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். முப்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு சால்வையும் சட்டம் போட்ட ஒரு பெருமாள் படமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். திருப்பதியில் எதற்கெடுத்தாலும் பெருமாள் படம்தான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆறு இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் வீட்டில் இருந்த லட்சணத்தை என் வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருவார். வந்ததும் வராததுமாக நான் சண்டைக்கு நிற்பேன். ஒருநாள் போனை நீட்டினார். யாரோ அனுப்பிய ஒரு நோட்டீஸ். திருப்பதியிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு மாதப் பயிற்சி, கடல் அறிவியலுக்கான சிமுலேஷன் மாடலிங்.

"இன்னாமே, கணக்கு தெரிஞ்சவங்க வேணுமாம். கடலுக்கு."

"கடலா? திருப்பதில கடல் எங்க கீது மாமா?"

"கம்ப்யூட்டர் உள்ள கீதாம். போய்ப் பாரேன். நீ இன்னும் ஒரு மாசம் வூட்ல இருந்தா குக்கர் ஒடஞ்சிடும்."

அவர் சொன்னதில் கோபம் வந்து விண்ணப்பம் போட்டேன். அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

முதல் நாள் வகுப்பெடுத்த மேடம் விசாகப்பட்டினத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். பழவேற்காடு ஏரியின் படத்தைத் திரையில் போட்டார். அந்த ஏரியின் பெரும்பகுதி நம் ஆந்திரா பக்கம்தான் இருக்கிறது. சென்னைக்குச் சுற்றுவழியில் போன ஒன்றிரண்டு தடவை சூளூர்பேட்டை தாண்டி ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறேனே தவிர அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மேடம் அந்தப் படத்தின்மேல் கிராஃப் தாள் மாதிரி கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு ஆழம், இவ்வளவு உப்பு. காற்று தள்ளுகிறது, கடல் உள்ளே வருகிறது. ஒவ்வொரு நிமிஷமும் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். போட்டுக்கொண்டே போனால் நாளைக்கு ஏரி எப்படி இருக்கும் என்று இன்றைக்கே பார்க்கலாம். "அந்தேனண்டி, இன்கேமி லேது," என்றார். அவ்வளவுதானாம், வேறொன்றும் இல்லையாம்.

அந்தக் கணக்குக்கு அவர் எழுதிய சமன்பாட்டைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் கரும்பலகையில் எழுதி அழித்த அதே சமன்பாடு. பரீட்சைக்கு வரும், மனப்பாடம் பண்ணு என்று பிள்ளைகளை மிரட்டியிருக்கிறேன். அதில் தண்ணீர் ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாயங்காலம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கணக்கு வந்ததே தவிர கம்ப்யூட்டர் எனக்கு வரவில்லை. நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அது சிவப்பு எழுத்தில் ஏதாவது திட்டும், நானும் பதிலுக்குத் திட்டுவேன். மூன்றாம் நாள் பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீ திட்டினா அது திருந்தாது. அந்த எடத்துல ஒரு கமா போடு."

போட்டேன், ஓடியது. பலமனேர்க்காரி அவள். இருபத்தாறு வயது, வீட்டில் பால் மாடுகள். சிரித்தால் காரிடார் முழுக்கக் கேட்கும். வகுப்பில் எல்லாரும் தெலுங்கு, எங்கள் மூலையில் மட்டும் தமிழ். அவள் எனக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தாள், நான் அவளுக்குச் சமன்பாடுகளைப் பிரித்துச் சொன்னேன். மதியம் என் டப்பாவில் பாதியை அவள்தான் துன்னுவாள். ஊருக்குப் போய்வந்தால் எனக்கென்று பால்கோவா கொண்டுவருவாள். இரண்டு மாதத்தில் அவளோடு பேசாமல் எனக்குப் பொழுது போகாது என்று ஆகிவிட்டது.

சித்திரையில் எங்களை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றினார்கள். ஒரு மீனவத் தம்பதியின் படகு. புருஷன் கம்பு ஊன்றித் தள்ள, பெண்சாதி முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்து எங்களுக்கு இடம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏறின பத்தாவது நிமிஷம் எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. அப்புறம் அன்றைக்கு முழுக்க நான் பார்த்ததெல்லாம் படகின் விளிம்பும் அதற்குக் கீழே இருந்த தண்ணீரும்தான். வாய் கொப்பளிக்க அந்த அம்மாள் தன் குடத்து நல்ல தண்ணீரைக் கொடுத்தாள். நடுவில் பலமனேர்க்காரியின் தொப்பி காற்றில் பறந்து போய்விட்டது. அவள் "ஐயையோ" என்று கத்த, அந்த அம்மாள் சிரித்தாள்.

"தென்னங்காத்து கண்ணு. வடக்காலதான் இட்டுக்கினு போவும். திரும்பி வராது, வுட்டுடு."

அன்றைக்கு எடுக்க வேண்டிய அளவுகளை எல்லாம் பலமனேர்க்காரியே இரண்டு தடவை எழுதினாள், ஒன்று அவள் நோட்டில், ஒன்று என் நோட்டில். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு நாளின் பக்கங்கள் மட்டும் அவள் கையெழுத்தில் இருக்கும்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஆளுக்கொரு மாடல் செய்யச் சொன்னார்கள். நான் இறால் குஞ்சுகளை எடுத்துக்கொண்டேன். அவை கடலில் பிறந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். நகத்தளவுகூட இருக்காது, எதிர்நீச்சல் போடத் தெம்பு கிடையாது, தண்ணீர் தள்ளுகிற இடத்துக்குப் போகும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் அவை ஏரியில் எங்கே போய்ச் சேரும் என்பது என் கேள்வி. அவள் உப்பை எடுத்துக்கொண்டாள். நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி முகத்துவாரத்தில் நுழைகிறதே, அந்த உப்புத் தண்ணீர் ஏரிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது அவள் கேள்வி.

மாடல் வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலை மேடம் வந்து சொன்னார். அந்த ஏரிக்காக ஒரு திட்டம் தொடங்குகிறதாம், அதில் மாடல் போட ஒரு ஆள் வேண்டுமாம், எங்கள் வகுப்பிலிருந்தே எடுப்பார்களாம். கடைசி நாளில் மூன்று பேர் வந்து எங்கள் மாடல்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஒரே ஒரு வேலை. சொல்லும்போது மேடத்தின் கண் எங்கள் மூலைக்குத்தான் வந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கு என்று வகுப்புக்கே தெரிந்துபோயிற்று.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நாற்பதை நெருங்கும் கணக்கு டீச்சருக்கு வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. இது போனால் திரும்ப அந்தக் குக்கரும் நானும்தான். அவளுக்கு வயசிருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அன்றைக்குக் காலையிலேயே மனசுக்குள் ஒரு நியாயம் தயார் செய்துகொண்டுவிட்டேன்.

அன்று மதியமே அது நடந்தது. "அக்கா, இத்த கொஞ்சம் பாரேன்," என்று அவள் என்னைக் கூப்பிட்டாள். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிஜமாக அளந்த நீர்மட்டம், இன்னொன்று அவள் மாடல் சொன்ன நீர்மட்டம். இரண்டும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கின. ஆனால் மாடலில் தண்ணீர் முதலில் ஏறியது, நிஜத்தில் பின்னால் ஏறியது.

"மொகத்துவாரம் தூந்து போயிருக்குதில்ல, அதான் தண்ணி உள்ள வர லேட்டாவுது போல. மாடல்ல ஏரித்தரைய கொஞ்சம் சொரசொரப்பாக்கி வுட்டா தண்ணி மெதுவா வரும். சரியா வந்துடும்ல?"

நான் கோடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரே இடைவெளி. ஐந்தரை மணி நேரம். எனக்குப் பொறி தட்டியது. என் வீட்டுக்காரர் ஓட்டும் மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் கடிகாரம் லண்டன் நேரம் காட்டும். ஷிப்ட் ரிப்போர்ட் எழுதும்போதெல்லாம் ஐந்தரை மணி நேரம் கூட்டி எழுத வேண்டும் என்று அவர் புலம்பாத நாள் கிடையாது. கடல் ஏற்ற இறக்கக் கணக்கையும் உலகம் முழுக்க லண்டன் நேரத்தில்தான் தருவார்கள். அவள் அதை நம் நேரம் என்று நினைத்து அப்படியே போட்டிருக்கிறாள். ஏரிக்கும் தரைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஒரே வரியில் ஐந்தரையைக் கூட்டினால் போதும்.

வாயைத் திறந்தேன். "பண்ணிப் பாரு," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவளும் பண்ணிப் பார்த்தாள், பத்து நாள். தரையைச் சொரசொரப்பாக்கினாள், தண்ணீர் கொஞ்சம் தாமதமாயிற்று. இன்னும் ஆக்கினாள். கடைசியில் அவள் ஏரித்தரை கல்குவாரி மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் உப்பு உள்ளேயே போகவில்லை, வாசலோடு நின்றுவிட்டது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் இறால் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நல்லதாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்திருப்பேன்.

"நாளிக்குப் போனவொடன சொல்லிடு," என்றார் அவர்.

"உங்களுக்கு இன்னா மாமா தெரியும்? ஒரே வேல கீது."

"வேல கீது. நீ ராவுல பொரண்டு பொரண்டு படுக்கறியே, அதுவும் கீது. நீ இப்பிடி கம்முனு இருக்கற ஆளே இல்ல. எனக்கே பயமா கீது."

எரிந்து விழுந்தேன். போய் உங்கள் மெஷினைப் பாருங்கள் என்றேன். மறுநாளும் போய் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள். காலை பதினொரு மணி, கேன்டீனில் நானும் அவளும். அவள் பன்னை டீயில் தொட்டுத் துன்னுக்கினு இருந்தாள். நான் என் லேப்டாப்பைத் திறந்து என் மாடலைக் கடைசியாக ஒரு தடவை ஓட்டிக் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன், வேறென்ன. மஞ்சள் புள்ளிகளாக இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தில் நுழைந்து, அழகாக வரிசை கட்டி, மேற்குக் கரையில் போய் ஒண்டின. மேற்குக் கரையில் ஆழம் கம்மி, புல் அதிகம், அதனால்தான் அங்கே போகின்றன என்று நாலு பக்கம் விளக்கம் வேறு எழுதிவைத்திருந்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் பன்னை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இது எந்த நாளு காத்து?"

"நாம படகுல போனோமே, அந்த நாளு. தெற்குக் காத்து, நூத்தெண்பது."

"அன்னிக்கு என் தொப்பி எந்தப் பக்கம் பறந்துச்சு?"

"வடக்கால."

"உன் மாடல்ல பறந்திருந்தா அது மேற்கால போயிருக்கும்க்கா. ஏரிலயே இருக்காது, நாயுடுப்பேட்டைக்குப் போயிருக்கும்."

சொல்லிவிட்டு மிச்ச பன்னையும் வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. காற்றை அளக்கிறவர்கள் வடக்கைப் பூஜ்யமாக வைத்துக் கடிகாரம் சுற்றும் பக்கமாக எண்ணுவார்கள். அதுவும் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைச் சொல்வார்கள். அவர்களுக்கு நூற்றெண்பது என்றால் தெற்கிலிருந்து வருகிற காற்று. கணக்கு டீச்சர்கள் கிழக்கைப் பூஜ்யமாக வைத்து எதிர்ப்பக்கம் எண்ணுவோம். அம்பு எங்கே போகிறதோ அதுதான் எங்களுக்குத் திசை. எங்களுக்கு நூற்றெண்பது என்றால் மேற்கே பாய்கிற அம்பு. பன்னிரண்டு வருஷம் போர்டில் போட்ட அதே அம்பை நான் ஏரியிலும் போட்டுவிட்டேன். கணக்கு தெரியாதவள் யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டாள். தென்றல் தெற்கிலிருந்து வரும் என்று இரண்டாம் வகுப்பில் படித்தது அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது அந்தத் தப்பு அல்ல. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதைச் சொன்னால் தனக்கு வேலை போகுமே, சொல்லாவிட்டால் நாளைக்கு மூன்று பேர் முன்னால் இவள் மாட்டிக்கொள்வாளே என்று ஒரு கணக்கும் அவள் மனசில் ஓடவில்லை. தப்பைப் பார்த்தாள், பன்னை மென்றுகொண்டே சொல்லிவிட்டாள்.

"ஏய்," என்றேன். "உன் நேரத்த மாத்து. உன்னோட கடல் டேட்டா லண்டன் நேரத்துல கீது. அஞ்சர மணி நேரம் கூட்டணும். தரையில ஒண்ணும் இல்ல."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினாள். முகம் மலர்ந்தது. "அய்யோ, ஆமாக்கா! ஆமா! இப்ப எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இப்ப இல்ல. நீ மொதல்ல காட்டின அன்னிக்கே தெரியும்."

"எந்த அன்னிக்கு?"

"பத்து நாளு ஆச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முயலப்போவதில்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து லேபுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

லேபில் வேகமான கம்ப்யூட்டர் ஒன்றுதான். யாருக்கு எப்போது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வோம். அன்று மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை என் பேர் எழுதியிருந்தது. ஆறு மணிக்கு லேபைப் பூட்டிவிடுவார்கள், அதில் யாருக்கும் சலுகை கிடையாது. அவள் மாடலைப் பழையபடி பொடிப்பொடிக் கட்டங்களோடு முழுசாக ஓட்ட ஒன்பது மணி நேரம் வேண்டும். எனக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஐந்து மணி நேரத்தையும் அவளுக்கே கொடுத்தாலும் அவளுக்குப் போதாது. பத்து நாளைக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அவளுக்கு வேண்டிய நேரம் தாராளமாக இருந்திருக்கும்.

நோட்டில் என் பேரை அடித்துவிட்டு அவள் பேரை எழுதினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டங்களைப் பெரிசாக்கினாள், ஐந்தரையைக் கூட்டினாள், கல்குவாரியைத் திரும்ப ஏரித்தரையாக்கினாள், ஓட்டிவிட்டாள். நாலு மணிக்கு முடிந்தது. எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள். நானும் கட்டங்களைப் பெரிசாக்கி, காற்றைத் திருப்பி, இரண்டு மணி நேரத்தில் ஓட்டி முடித்தேன். இறால் குஞ்சுகள் ஒழுங்காக வடக்கே போயின. நடுவில் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டுவந்து வைத்தேன். டீயைக் குடித்தாள்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். முதலில் நான். பெரிய கட்டங்களாக இருந்தாலும் என் மாடல் தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் காற்று ஏரி முழுக்க அடிக்கிற விஷயம். "காற்றுத் திசையில் எல்லாரும் சறுக்குவார்கள், நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்களே," என்றார் ஒருவர். "நானும் சறுக்கினேன் சார். நேற்று அவள்தான் கண்டுபிடித்தாள்," என்று வெளியே உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து அவள். கதவு திறந்தே இருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது. நேரம் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று பாராட்டினார்கள். அப்புறம் ஒருவர் கேட்டார், "முகத்துவாரம் எங்கேம்மா?" முகத்துவாரம் குறுகல். பெரிய கட்டங்களில் அது ஒரே கட்டத்துக்குள் அடங்கி, பாதி அடைபட்டுப் போயிருந்தது. கடலே உள்ளே வர வழியில்லாமல் உப்பைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

"சின்னக் கட்டம் போட்டு ஓட்டணும் சார். டைம் போதல," என்றாள் தெலுங்கில்.

"ஏன் போதவில்லை? ஒரு மாதம் இருந்ததே?"

 ஒரு வார்த்தை போதும், அவள் சொல்லியிருக்கலாம். "நா தப்பே சார்," என்றாள். என் தப்புதான் என்கிறாள். 

மதியம் முடிவு சொன்னார்கள். வேலை எனக்கு.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். நானும் கிளம்பினேன். அவள் சித்தூர் பஸ்ஸில் ஏறினாள், கூப்பிடாமலே நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சித்தூர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. சித்தூரில் இறங்கி அவள் பலமனேர் பஸ்ஸுக்கு நின்றாள்.

"எதுக்குக் கூட வந்த?" என்றாள்.

"நான் திரும்பிப் போய் மேடம்கிட்ட எல்லாத்தியும் சொல்லிடறேன். இது உன் வேல. எனக்கு வாணாம்."

அவளுக்கு அப்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தியாகமா? அக்கா, என் தல மேல ஏறி நின்னுக்கினு தியாகம் பண்ணாத. நேரம் எந்த ஊரு நேரம்னு பாக்க வேண்டியவ நானு. பாக்கல. அது என் தப்பு. நீ சொல்லாதது உன் தப்பு. ரெண்டத்தியும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத. வேலைய வாங்கினல்ல, ஒழுங்காச் செய்யி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சுற்றி ஜனம் நின்று பார்த்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. கோவம் கீது. எத்தினி நாளைக்கு இருக்கும்னு எனக்கே தெரியாது. ஆனா நாளிக்கு உன் கணக்குல தப்பு பாத்தா சொல்லுவேன். அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு பூக்காரம்மா வந்து யாராவது செத்துப்போய்ட்டாங்களா என்று விசாரித்தாள்.

வேலையில் சேர்ந்து என் முதல் மாடலை ஓட்டி முடித்ததும், மேடத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் ஒரு பக்கம் வந்தது. நலமா என்று இல்லை, அக்கா என்றுகூட இல்லை. ஏழு தப்புகள், வரி எண்ணோடு. ஏழும் சரி. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி எந்தப் பாராட்டுக்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது அவள் சென்னையில் துறைமுகங்களுக்கு மாடல் போடும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். என்னைவிடப் பெரிய வேலை. அவள் தன் மாடல்களை எனக்கு அனுப்புவாள், நான் என்னுடையதை அவளுக்கு அனுப்புவேன். தப்பு கண்ணில் பட்டால் அந்த நாளே சொல்லிவிடுவேன், மறுநாள்வரை வைத்திருப்பதில்லை. என் வேலையை இன்று நாலு பேர் நம்புகிறார்கள் என்றால், அது அவள் பார்த்த பிறகுதான் வெளியே போகிறது என்பதால்தான். கோபத்தை வைத்துக்கொண்டே ஒருத்தி எனக்கு இதைச் செய்கிறாள். அன்பாக இருக்கிறவர்கள் செய்தால்கூட எனக்கு இவ்வளவு பெரிசாகத் தெரிந்திருக்காது.

போன வாரம் ஏரியில் புதிதாக அளந்த ஒரு பகுதியை மாடலில் சேர்த்து அவளுக்கு அனுப்பியிருந்தேன். அரை மணியில் போன் வந்தது.

"அக்கா, ஆழத்துக்கு மைனஸ் போட மறந்துட்ட. ஏரி நடுவுல ஒரு மல நிக்குது."

பார்த்தேன். நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு சென்னையிலும் காரிடார் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பின் தைரியத்தில், இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"இன்னும் கோவம் கீதாடி?"

சிரிப்பு நின்றது. 

"கீதுக்கா," என்றாள். "நீ மொதல்ல அந்த மலைய எறக்கு. நான் லைன்லயே இருக்கறேன்."